மூன்று டீமுக்கும் ஒரே ஜெஸிந்தா அக்கா

காலை ஒன்பதரை மணி எடைக்கு, மழையானாலும் மூடுபனியானாலும், கொட்டகை வாசலில் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும் அன்பிற்கினிய ஜெஸிந்தா அக்கா அவர்களே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு, இந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் எடைக்கொட்டகை, வாட்டும் மாடி, சலிப்பறை ஆகிய மூன்று டீமின் ஆட்களும் சேர்ந்து வாசித்தளிக்கும் மடல் இது.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே இனி, இங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசப்போகிறோம். தயவுசெய்து உட்கார்ந்திருங்கள்.

அரவேணுவிலிருந்து நடந்து வருகிறவர் ஜெஸிந்தா. காலையில் கொட்டகையில் கொழுந்து மூட்டைகளுக்கு எடை பார்ப்பார். மதியம்வரை மாடியில், கொழுந்தைப் பரப்பி வாட்டுகிறவர்களோடு. அதன்பின் சலிப்பறையில், தூளை ரகம் பிரிக்கிற பெண்களோடு. ஆள் பற்றாத காலத்தில் தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு, அப்படியே நின்றுவிட்டது. மூன்று இடத்திலும் அவருக்கு வேலை இருந்தது. தன் இடம் என்று ஒன்று இல்லை. பதினோரு மணி டீ வரும்போது, கொட்டகையில் குடித்திருப்பார் என்று மாடிக்காரர்கள் நினைப்பார்கள். சலிப்பறையில் எடுத்து வைத்திருப்பார்கள் என்று கொட்டகைக்காரர்கள் நினைப்பார்கள். சலிப்பறைக்காரர்கள் நினைப்பதே இல்லை.

"ஊருக்கெல்லாம் டீத்தூள் அனுப்பறோம், எனக்கு ஒரு கிளாஸ் இல்லீங்களா?" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே, தனக்கென்று ஒரு டீம் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்படுவார்.

லெஸ்லி சார் மேனேஜராக வந்த வருடம் அந்த ஆசைக்கு வழி பிறந்தது. வாசலில் ஒரு போர்டு வைத்தார். டீம் வாரியாக மார்க். சீசன் முடிவில் முதலில் நிற்கும் டீமுக்கு வேளாங்கண்ணி போக வேன். ஒரே ஆள் மூன்று டீமில் இருந்தால் மார்க் போட முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று ஜெஸிந்தாவிடம் சொன்னார்.

அந்த வாரம் அவருக்கு ராஜமரியாதை.

"எங்களோட வந்துருங்கக்கா. மழை படாத வேலை" என்றார் மாடி மேஸ்திரி அழகர்சாமி.

"அங்க ஏறி எறங்கியே முட்டி தேஞ்சுரும். பேசாம இங்கயே இருந்துக்குங்க" என்றார் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட பேச்சி.

சலிப்பறை ராக்கம்மா வாதாடவில்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கிளாஸில் டீ ஊற்றி நீட்டினார். ஜெஸிந்தா உட்கார்ந்தார்.

கடலை அவர் பார்த்ததே இல்லை. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அலையில் கால் நனைக்க வேண்டும் என்று ராக்கம்மாவிடம் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். சலிப்பறை போர்டில் மேலே ஏறியது. ஆனால் தொழிற்சாலையின் மொத்தத் தூளும் மட்டமாகிக்கொண்டே வந்தது.

முன்பெல்லாம் எடை முடிந்ததும் ஜெஸிந்தா மேட்டுக் கொட்டகையிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி, கொழுந்து ஏற்றிய லாரிக்கு முன்னால் மாடிக்கு வந்துவிடுவார். கீழ்க்காட்டுக் கொழுந்து நனைந்திருக்கிறது, தனியாகப் பரப்புங்கள் என்பார். அது யாருக்கும் இட்ட வேலை இல்லை. இப்போது சொல்ல ஆளில்லை; சொல்ல மனமும் இல்லை.

"சொன்னா அவங்க மார்க்குத்தானே ஏறும்?" என்றார் பேச்சி.

"போய்க் கேட்டா எளக்காரமாப் பேசுவாங்க" என்றார் அழகர்சாமி.

நனைந்ததும் காய்ந்ததும் ஒன்றாக விழுந்து, சரியாக வாடாமல், கடைசியில் தூள் கட்டி கட்டியாகச் சலிப்பறைக்கு வந்தது. ஜெஸிந்தா அந்தக் கட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீசன் முடிய அதிக நாள் இல்லை. கண்டும் காணாமல் இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை. லெஸ்லி சாரிடம் போனார்.

"என்னையப் பழையபடி மூணு பக்கமும் உட்ருங்க சார்."

"போர்டுல உங்க பேரை எங்கம்மா எழுதறது?"

"எழுதாட்டிப் போகுதுங்க."

"வேன்ல சீட் இருக்காது."

"தெரியுமுங்க."

லெஸ்லி சார் சரி என்றார். அடுத்த மழையன்று மாடியில் கொழுந்து தனித்தனியாக விரிந்தது.

சலிப்பறைதான் ஜெயித்தது. "மடியில உக்கார வெச்சாவது கூட்டிட்டுப் போறோம், வாங்கக்கா!" என்று கையைப் பிடித்து இழுத்தார் ராக்கம்மா. "உங்களோட வண்டி ஏறிட்டா, மத்தவிய என்ற பேச்சைக் கேப்பாங்களா?" என்று கையை விடுவித்துக்கொண்டார் ஜெஸிந்தா. வேன் கிளம்பியபோது தராசுக்குப் பக்கத்தில் நின்று கையசைத்தார். அது திருப்பத்தில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

மூன்று பக்கமும் முகம் சுளிக்காதவரே! நடந்து நடந்தே எங்களை இணைத்து வைத்தவரே! டீம் என்பது தன் மார்க்கை மட்டும் பார்ப்பதல்ல என்று ஒருநாளும் பிரசங்கம் செய்யாமல் எங்களுக்குப் புரியவைத்தவரே! இனி நீங்கள் வலியில்லாத முட்டியோடும் மதியத் தூக்கத்தோடும், மகள் வீட்டுச் சிரிப்போடும் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும்.

இந்த மடலில் எந்த டீமின் கையெழுத்து முதலில் வருவது என்று நேற்று எங்களுக்குள் பெரிய தகராறு. கடைசியில் மேலும் கீழும் இல்லாமல் எல்லாரும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதற்கு முன், டீமுக்கு ஒருவராக மூன்று பேர் உங்களிடம் தீர்ப்புக் கேட்டு வந்தோம். நீங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்:

"அது கெடக்கட்டுமுங்க. நாளான்னிக்கு மழை பேஞ்சா, மாடிக்குப் போய்ச் சொல்லப்போறது உங்கள்ல யாருங்க?"