கடை வாசலும் சந்து வாசலும்

"ஹலோ... ஜெயபாண்டி அண்ணே, நான் சுபத்ரா பேசுறேன், அருப்புக்கோட்டையில இருந்து. நானூத்தி எம்பது ரூவாய்க்கு எங்க கடையில பூச்சிமருந்து வாங்கிருக்கீக... ஆமா, தெரியும்... இல்லண்ணே, பருத்திக்குன்னு எங்கிட்டச் சொல்லாதீக. இந்த வருசம் மருந்தடிச்சு முடிஞ்சதுன்னு போன வாரம் நீங்கதான சொன்னீக... ம்... ம். உங்க உசுருக்கு நானூத்தி எம்பதுன்னு யாரு வெல போட்டது? அத மட்டும் சொல்லுங்க."

கட்டிடம் ஒன்று, வாசல் இரண்டு. முன்வாசலில் அண்ணன் தனுஷ்கோடியின் உரக்கடை. பின்னால் சந்து வாசலில், சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளத்தோடு, மாற்றுத்திறனாளிகளுக்குச் சுபத்ரா நடத்தும் ஆலோசனை அறை. அங்கே வருகிறவர்களின் பெயர் கடைப்பக்கம் போகக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

ஜெயபாண்டி கரிமூட்டை லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர். நரிக்குடிப் பக்கத்து ஊர். சித்திரையில் சாவைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டு, வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் அவர் மனைவி முருகலட்சுமியை வைத்தே வெளியேற்றியிருந்தாள் சுபத்ரா. பெயரில்லாத சாக்கில் அது கடைக் குடோனுக்கு வந்தது. யாருடையது என்று தனுஷ்கோடி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்று காலை ஜெயபாண்டி கடைக்குப் போன் போட்டார். பழைய வாடிக்கை. வழக்கம்போல் தனுஷ்கோடி பொட்டலம் கட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோதுதான் தங்கச்சி எச்சில் கையோடு போனை எடுத்தாள்.

"மதினி எங்க?... களையெடுக்கவா... காலையில என்ன நடந்துச்சு... அவசரமில்ல, சொல்லுங்க... உங்களத் தூக்கிக் குளிக்க வைக்கையில வழுக்கிட்டாகளா... இடுப்பு வீங்கிருச்சா... அதோடவா வேலைக்குப் போயிருக்காக... ம்... ஒரு வார்த்த திட்டலையாக்கும். திட்டிருந்தா தாங்கிருப்பீக. புரியுதுண்ணே.

"பாட்டிலு இப்ப எங்க இருக்கு?... கட்டிலுக்குக் கீழயா... மூடி? நான் கேக்குறது மூடி தொறந்துருக்கா இல்லையா... சரி. அது அங்கயே கெடக்கட்டும். நீங்க எங்கூடப் பேசுங்க.

"என்ன சொன்னீக... ஆமாண்ணே. பின்னாடி தங்கச்சி சாகாதங்குறா, முன்னாடி அண்ணன் பில்லுப் போடுறாரு. நல்ல குடும்ப யாவாரந்தான். சிரிங்க... இல்ல, அவருக்குத் தெரியாது. உங்க பேர நான் சொல்லவே இல்ல. சொல்லிருந்தா அந்தப் பொட்டலம் பஸ்ஸு ஏறிருக்காது. 'எங்கண்ணங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லி வச்சுக்கிறவா'ன்னு உங்கள அன்னைக்கே கேட்டுருக்கணும். நான் கேக்கல. அது என் தப்புதான்."

தனுஷ்கோடி தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். பொட்டலம் இறங்குகிற டீக்கடை வெள்ளத்துரையின் நம்பர் அவரிடம் இருந்தது. ஜெயபாண்டி வீட்டுக்கு நாலே வீடு தள்ளி. ஆனால் வெள்ளத்துரையிடம் சொல்வதும் ஊர் முழுக்கச் சொல்வதும் ஒன்றுதான். ஊருக்குத் தெரிந்தால் அப்புறம் முகத்தை எங்கே வைப்பது என்று கேட்டுத்தான் ஜெயபாண்டி முதல் நாள் அந்த அறையில் வாயைத் திறந்தார். தெரியாது என்று சுபத்ரா வாக்குக் கொடுத்திருந்தாள்.

சொல்லுங்க என்று அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் வெள்ளத்துரைக்குப் போன் போட்டார்.

"அண்ணே, ஒளிக்காமச் சொல்லிருறேன். வெள்ளத்துரை அங்க வாராரு... ஆமா, நாந்தான் சொல்லச் சொன்னேன்... ஆமா... ஆமா, வாக்குக் குடுத்தேன். உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் வாயத் தொறப்பேன்னும் சொன்னேன்ல... திட்டுங்க. இன்னும் திட்டுங்க, கேட்டுக்கிறேன்... அண்ணே?... லைன்ல இருக்கீகளா... அது என்ன சத்தம்... அண்ணே, கீழ கைய நீட்டாதீக... ஜெயபாண்டி அண்ணே..."

தனுஷ்கோடியின் கையில் சோறு காய்ந்துவிட்டது.

"யாரு... வெள்ளத்துரை அண்ணனா. அவுக எப்படி இருக்காக... கட்டில்ல இருந்து விழுந்துட்டாகளா. பாட்டிலு?... உங்க கையிலயா. மூடியப் பாருங்க... சீலு உடையலயா... இன்னொரு தடவ பாருங்க... ம். சரி... சரிண்ணே. மதினிய வரச் சொல்லி ஆள் விடுங்க. அவுக வர்ற வரைக்கும் நீங்க நகராதீக. கார எடுத்துக்கிட்டு இந்தா கெளம்பிட்டேன். இன்னொண்ணு, இத டீக்கடையில பேச்சா... ஓ. கடையில இருந்தவுகளும் கூடவே வந்துட்டாகளா. எத்தன பேரு... சரி. போன ஜெயபாண்டி அண்ணங்கிட்டக் குடுங்க.

"அண்ணே... ம்... ஆமா, ஊருல பேசுவாக... ஆமா, நான்தான் காரணம்... இனி இந்த வாசல மிதிக்க மாட்டீக. சரி. அப்ப நான் அங்க வாரேன். வாசல்ல நிக்க வச்சே பேசுங்க, நான்..."

லைன் அறுந்தது.

வெள்ளத்துரை கொடுத்துவிட்ட பாட்டில் மறுநாள் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. ஜெயபாண்டி பேரில் பற்று எழுதிய நானூற்று எண்பதைத் தனுஷ்கோடி கழித்துவிட்டார். கடை வாசலில் பாக்கி இல்லை. சந்து வாசலில் ஓர் உயிர் வரவு. கொடுத்த வாக்கு மட்டும் சுபத்ரா பேரில் பாக்கி நிற்கிறது.