பூஜையில் சிக்கிய பாலிப் ரிப்போர்ட்

"திசுப் பரிசோதனை முடிவு ஏழு வேலைநாட்களில் வழங்கப்படும்" என்று கவுண்டரின் மேல் எழுதியிருந்தது. துர்கா பூஜையில் வேலைநாட்களும் விடுமுறையில் போய்விடும் என்று எழுதவில்லை. லேக் மார்க்கெட் பரிசோதனைக்கூட வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மன்னியும் நாத்தனாரும் நின்றார்கள்.

"பீரியட்ஸ் நின்னு ஆறு வருஷத்துக்கப்புறம் ரத்தம் பட்டுதே, வயசு திரும்பறதுன்னுதானே நெனச்சேன்," என்றார் மன்னி.

"மெதுவாப் பேசு, மன்னி."

"இங்க யாருக்குத் தமிழ் புரியும்? நீ டாக்டர்ட்ட இழுத்துண்டு போகலேன்னா கர்ப்பப்பைல பாலிப்னு ஒரு சதை வளர்ந்திருந்ததே தெரிஞ்சிருக்காது. எடுத்ததுல கேன்சர் இல்லேன்னு வந்துட்டா போறும்."

கவுண்டரில் உறையைக் கொடுத்தார்கள். நாத்தனார் நின்றபடியே படித்தார்.

"சாதாரண சதைதான், கேன்சர் இல்லை. எங்கண்ணாவை இன்னும் முப்பது வருஷம் நீ படுத்தலாம்."

"அவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடு, பாவம். தயாரா இருக்கட்டும்."

அன்று, துர்கா பூஜை முடிந்து பௌர்ணமியில் வரும் லட்சுமி பூஜைக்கு மறுநாள்; ஏழு வேலைநாட்கள் அன்றுதான் முடிந்திருந்தன.