முப்பத்தொன்றாம் எண் காளை

மாட்டிறைச்சியை அடுப்பில் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது வெளியே எடுத்து வைக்க வேண்டும். குளிர் விடாத இறைச்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பல்லுக்கு வேலை வைக்கும். என் அப்பா நெப்ராஸ்காவில் கசாப்புக்கடை வைத்திருந்தார். ஐந்து பெண்களில் நான் மூத்தவள். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் கத்தி என் கைக்கு வந்தது.

டெல்பர்ட், உன் கடிதம் கிடைத்தது. 1946ஆம் வருஷத்து அணியின் இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு, கல்லூரிச் சமையல்காரி என்ற முறையில் என் நினைவுகளைக் கேட்டிருக்கிறாய். நீ இப்போது நீதிபதி. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் நம் அமெரிக்கக் கால்பந்து அணியில் முப்பத்தெட்டுப் பேர். பாதிப்பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். இருபத்தாறு வயதில் வழுக்கை, மனைவி, கைக்குழந்தை. கோச் ரூகர் கத்துவதை யாரும் பொருட்படுத்தியதில்லை.

"ஓடுங்கடா சோம்பேறிங்களா! எதிரி சுடுறான்னு நெனச்சுக்கிட்டு ஓடுங்க!"

"சுட்டா படுத்துக்கணும் கோச். ஓடுனவன் எவனும் இங்க படிக்க வரல," என்றாய் நீ.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் கோச்சுக்குக் கட்டுப்பட்டீர்கள். ஆட்ட நாளன்று காலை பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு பெரிய துண்டு வாட்டிய மாட்டிறைச்சி, வெண்ணெய் தடவாத ரொட்டி, பால் விடாத தேநீர். அது இல்லாவிட்டால் தோல்வி நிச்சயம் என்று நம்பினீர்கள். முதல் நான்கு ஆட்டங்களில் அப்படியே சாப்பிட்டு ஜெயித்தீர்கள்.

அக்டோபரில் இறைச்சி நின்றுபோனது. அரசாங்கம் விலைக்கு வரம்பு கட்டியதால் விவசாயிகள் மாடுகளை விற்க மறுத்துவிட்டார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மேய்ச்சலில் அறுபது மாடு தெரியும். கசாப்புக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கட்டுக் கீரை இருக்கும். ஐந்தாவது ஆட்டத்துக்கு முட்டை கொடுத்தேன். ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தீர்கள். திங்கட்கிழமை கோச் சமையலறைக்கு வந்தார்.

"மிஸஸ் கூசெரா, முட்டை சாப்பிட்டவன் கோழி மாதிரிதான் ஓடுவான். இந்த வாரம் ஹார்லோ காலேஜோட ஆட்டம். மாடு வேணும்."

"எங்க போறது கோச்?"

"அது உங்க பாடு. இல்லன்னா சொல்லுங்க, பசங்கள ஓட்டலுக்கு அனுப்பிடுறேன்."

நீங்கள் எல்லோரும் என்னை அம்மா என்று கூப்பிடுவீர்கள். அப்படிக் கூப்பிட எனக்கு வேறு யாரும் இல்லை. அதனால் யோசித்தேன்.

சமையலறைக்குப் பின்னால் கொட்டகையில், ஆட்டம்தோறும் மைதானத்துக்கு ஓட்டிப்போகும் அணியின் ராசிக் காளை நின்றது. இரண்டு வயது, செம்பழுப்பு நிறம், நல்ல சதை. பெயர் லூமிர். மாணவர் கூட்டத்தில் ஓட்டெடுத்து என் மகன் பெயரை வைத்தீர்கள். என் லூமிர் இதே கல்லூரிக்காக முப்பத்தொன்றாம் எண் போட்டு இரண்டு வருஷம் ஆடியவன். நாற்பத்துநாலு நவம்பரில் ஜெர்மனியில் ஒரு காட்டில் இறந்தான். நீ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவனுடைய ஜெர்சியைக் கேட்டாய். கண்ணாடிப் பெட்டியில் வைப்பீர்கள் என்று நினைத்துக் கொடுத்தேன். பக்கத் தையலைப் பிரித்துக் காளைக்குப் போட்டுவிட்டீர்கள். நல்லெண்ணத்தில்தான். நான் நன்றி சொன்னேன்.

மைதானத்தில் ஒலிபெருக்கிக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் காளையின் நடவடிக்கைகளை அறிவிப்பார். "லூமிர் எல்லைக்கோட்டு மேலயே சாணி போட்டுட்டான்யா! நம்ம லூமிர் எதிரிக்குப் பண்ற மரியாதையப் பாருங்க!" நாலாயிரம் பேர் சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த மிருகத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சாதுவான காளை. ஆப்பிள் தோல் கொடுத்தால் கையை நக்கும்.

வியாழன் மாலை நான்கு மணிக்கு நீங்கள் பயிற்சியில் இருந்தீர்கள். வாத்தியக் குழு முரசு அடித்துப் பழகிக்கொண்டிருந்தது. முதலில் ஜெர்சியைக் கழற்றினேன். பிறகு அப்பா கற்றுக்கொடுத்தபடி, ஒரே அடி. ஐஸ் அறையில் கப்பி இருந்ததால் தொங்கவிடுவது சிரமமாக இல்லை. ஏழரைக்கு உங்களுக்கு அவரைக் கொட்டை சூப் ஊற்றினேன்.

"இன்னைக்கு உங்க முகம் தெளிவா இருக்கும்மா," என்றாய்.

மறுநாள் காளையைக் காணவில்லை என்றதும் யாரும் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. எதிரணியின் ராசி மிருகத்தைத் திருடுவது இங்கே கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம். ஹார்லோக்காரர்கள் "சத்தியமா நாங்க எடுக்கல" என்றார்கள். அதுவே போதுமான சாட்சியமாக உங்களுக்குத் தெரிந்தது. இரண்டு காரில் போய் அவர்களுடைய நிறுவனர் சிலைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டு, அவர்களுடைய ராசி வாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். வாத்துக்கும் நான்தான் தீனி போட்டேன்.

சனிக்கிழமை காலை, தட்டுகள் வருவதற்கு முன் நீ எழுந்து ஜெபம் செய்தாய். "ஆண்டவரே, எங்க லூமிர் எங்க இருந்தாலும் அவன் சூடா, சௌகரியமா இருக்கணும். ஆட்டத்துக்கு முன்னாடி அவன எங்ககிட்டயே சேர்த்துடுங்க."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். தட்டுகளை வைத்தேன்.

கோச் இரண்டாவது துண்டு கேட்டார். "அருமையா இருக்கு மிஸஸ் கூசெரா. எங்க புடிச்சீங்க?"

"பக்கத்துலதான் கோச்."

நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். அந்த வருஷம் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை.

இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு ஹார்லோ கல்லூரித் தலைவர் நேரில் வந்து, அன்று காளையைத் திருடியதற்கு மன்னிப்புக் கேட்டு, பரிகாரமாக ஒரு கன்றுக்குட்டி கொடுக்கப் போகிறார் என்றும், அதற்கு இரண்டாம் லூமிர் என்று பெயர் வைத்தாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். அவர்கள் நிரபராதிகள், டெல்பர்ட். மன்னிப்பு வேண்டாம். கன்று வரட்டும். வேறு பெயர் வையுங்கள்.

நான் செய்தது உங்களுக்காக. என் பிள்ளைகள் பசியோடு மைதானத்தில் இறங்கக் கூடாது என்பதற்காக. அந்த வாரம் மாவட்டத்திலேயே வேறு இறைச்சி கிடையாது என்று இருபத்தைந்து வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். நீ நீதிபதி என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கசாப்புக்கடை ஹூபர்ட் போன் செய்தார்.

"விலைக் கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க மிஸஸ் கூசெரா! கடை பூரா மாடு தொங்குது. முப்பத்தெட்டுப் பேருக்கும் இப்பவே அனுப்பட்டுமா?"

"திங்கக்கிழமை அனுப்புங்க ஹூபர்ட். இந்த வாரத்துக்கு இருக்கு," என்றேன்.

கொட்டகையில் காளை அப்போது நின்றபடி வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.