படுத்துக்கிட்டே போற சீட்டு

– உக்காருக்கா. நீ நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடல.

– உக்கார முடிஞ்சா உன் டயர் கடைக்கு எதுக்குடா வரேன்? சாதா டிக்கெட்டை எடுத்துக்கிட்டு வெளிநாட்டுல இருக்கிற மகன்கிட்டப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்?

– அந்த இடுப்போட ராத்திரி பூரா விமானத்துல உக்காந்து போனா, உன் மகன் உன்னை மடிச்சுத்தான் கார்ல ஏத்தணும். படுத்துக்கிட்டே போற சீட்டு பிடிக்கிறேன், சும்மா இரு.

– அது கோடீஸ்வரங்க படுக்கிற இடம். வீடு வித்த காசு அதுக்கே சரியாப் போயிடும்.

– காசு கொடுத்து யாருக்கா போவா? எல்லாம் கிரெடிட் கார்டு தேய்ச்சா பேங்க்காரன் தர்ற பாயிண்ட்டு! லாரிக்காரன் டயருக்கு ரொக்கமாத் தருவான், நான் கம்பெனிக்குக் கார்டுல கட்டுவேன். எதிர்க்கடைக்காரர் பிரிட்ஜ், டாக்டரம்மா சோபா, எல்லாம் ரொக்கத்தை வாங்கிக்கிட்டு என் கார்டுல தேய்ச்சதுதான்.

– அடப்பாவி! என் வாஷிங் மெஷினுக்கு "நான் கட்டுறேன்க்கா"ன்னு ஓடி வந்தியே, பாசம்னுல்ல நெனச்சேன்!

– பாசத்துக்குத் தனியா பாயிண்ட் தர மாட்டேங்கிறானே.

– ஏன்டா, வாழ்க்கையில ஒரு தடவை வானத்துல கால நீட்டிப் படுக்கணும்னு நீ உனக்காகச் சேர்த்ததுதானே?

– எனக்குப் படுக்க இங்க டயர் கெடக்கு. நான் சொல்றதைக் கேளு. இங்கேருந்து ஏறினா பாயிண்ட்டைக் கொள்ளையடிக்கிறான். ரயில்ல வேற ஊருக்குப் போய் அங்கேருந்து ஏறினா, அதே மாதிரி சீட்டு, பாதி விலை.

– ரயில்ல எப்படிடா உக்காருவேன்?

– அதுலயும் படுத்துக்கோ. தூங்கி எழுந்தா மறுபடியும் தூங்க விமானம் ரெடியா இருக்கும்.

– உனக்கு வாய் மட்டும் தேயவே தேயாது. சரி, போடு.

– போட்டாச்சு. போக அடுத்த செவ்வாய். திரும்பி வர ஆறு மாசம் கழிச்சு.

– யாரு திரும்பி வரா? வீட்டுச் சாவியையே கொடுத்துட்டேன். மகன் எனக்குன்னு ரூம் ஒழிச்சு வச்சிருக்கான். இனி அங்கதான்னு எத்தனை தடவை சொல்றது?

– நீ வர வேண்டாம்க்கா, யாரு வரச் சொன்னா? போக மட்டும் எடுத்தா விலை ஜாஸ்தி. போக வரன்னு சேர்த்து எடுத்தாத்தான் மலிவு. விமானக்காரன் கணக்கு அப்படி. வரலன்னா தூக்கிப் போட்டுடு.

– வந்தாலும் எங்கடா தங்குவேன்?

– கடை மாடி காலியாத்தானே கெடக்கு. சும்மா சொன்னேன்.

– அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியை இப்படித் திருப்பு, பார்க்கிறேன்.

– உனக்குப் புரியாதுக்கா, எல்லாம் பொடி எழுத்து.

– கண்ணாடி போட்டிருக்கேன், திருப்புடா. போக மட்டும்னா பாதிப் பாயிண்ட் போதும்னு கீழேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கானே?

– அது வந்துக்கா... அது பழைய விலை...

– போதும், உளறாத. அந்த ஆறு மாசத்தை மூணா மாத்து.