வள்ளத்துக்கு வேற, நாய்க்கு வேற

…இல்லைத் தங்கச்சி, நீங்களே சொல்லுங்கோ, சும்மா குந்தியிருக்கிறதுக்குச் சம்பளம் தாறன் எண்டு ஒருத்தன் வந்தால், அதையும் கெடுத்துக்கொள்ளுற ஆள் உலகத்தில இருக்கோ? எழும்பாதேங்கோ, தேத்தண்ணி வருது. சீனி இல்லை, பனங்கட்டிதான். உங்கட தலை ஏன் இப்பிடிக் கிடக்கு? எண்ணெய் தரட்டே? வேண்டாமோ… சரி.

நீங்கள் லிங்கநகரில இருந்து பக்கத்து வளவுக்கு இப்பத்தானே வந்தனீங்கள், இந்தக் கரைக் கதை தெரியாது. சண்டைக்காலம் எண்டு நேவிக்காரன் துறைமுக வாசலை இரும்பு வலையால அடைச்சுப்போட்டு, எங்கட நூல் வலையைப் போடாதை எண்டுறான். வள்ளம் கரையில காயுது. மகள் பிள்ளை பெத்துப்போட்டு வந்து கிடக்கிறாள், பால் சுரக்கேல்லை. கூப்பன் கடையில பால்ரின் கண்ணால காணக் கிடைக்காது. அந்த நேரம் பாத்துத்தான் அந்த வெள்ளைக்காரன் வந்தான்.

அவன் சண்டை பிடிக்கிற நேவிக்காரன் இல்லை, படம் கீறுற நேவிக்காரன். அதுக்கும் ஒரு உத்தியோகம் இருக்கு, பாருங்கோ. கப்பலைக் கீறிக் கீறி அலுத்துப்போய் மனுசரைத் தேடி வந்தவன், எங்கட மனுசன் முருகேசு கிழிஞ்ச வலை பொத்துறதைக் கண்டிட்டான். நேவிக் குசினியில நிக்கிற முனாப் நானாதான் அவன்ர இங்கிலீசைத் தமிழில சொன்னவர். தினமும் அசையாமல் இருந்தால் போதுமாம், பின்னேரம் பால்ரின் தாறானாம்.

இந்த மனுசன் உடன தலையாட்டிட்டுது. கேட்ட கையோட தலையாட்டுற ஆளை வைச்சுக் குடும்பம் நடத்தேலுமே? நான் குமரியா இருக்கேக்க மீன்கூடை தூக்கினவள். முதல் சொன்ன விலைக்கு ஒரு சூடை மீன் குடுத்திருப்பனோ, இந்த யோகம்மா?

அடுத்த நாள் மனுசனை முழுக வாத்து, தாடி வழிச்சு, கலியாண வேட்டி உடுப்பிச்சு, கதிரையில கை வைச்சபடி நிப்பாட்டினன். படம் எண்டால் அப்பிடித்தானே நிக்கிறது? வெள்ளைக்காரன் வந்தான், பாத்தான், தலையில கையை வைச்சான். பழைய கிழிஞ்ச சாரந்தான் உடுக்கோணுமாம், குந்தத்தான் வேணுமாம். கிழிஞ்ச சாரத்தோட கீறினால் எங்கட மானம் போகுமே, அதுக்கு வேற ஒரு ரின் எண்டன். ஓமெண்டிட்டான்.

அவன் ஓமெண்டதுதான் பிழை, தங்கச்சி. எனக்கு ருசி பிடிச்சிட்டுது.

அங்கால வள்ளத்தைக் கீறினான். ஆளுக்குத்தானே பேசினது, வள்ளத்துக்கு வேற எண்டன். கோதம்பைமாப் பாணில ஒரு துண்டை எடுத்தான், வள்ளத்தை அழிச்சான். கரியால கீறிப் பாணால அழிக்கிறவன். நாங்கள் பாணுக்கு வரிசையில நிக்கேக்க, பாணால அழிக்கிறான். அந்தக் கொதியில வலைக்கும் வேற எண்டன். வலை போச்சு. நாய்க்கு வேற எண்டன். நாயும் போச்சு. முனாப் நானா கண்ணைக் காட்டுறார், எனக்கெங்க அது தெரியுது? சந்தையில எண்டால் வாங்கிறவன் கொஞ்சத் தூரம் போவான், திரும்பி வருவான். இவனும் வருவான் எண்டு மனுசனுக்கே ரெண்டு மடங்கு கேட்டன்.

அழிச்சிட்டான். எங்கட அவரைத் தலையில இருந்து கால் வரைக்கும் தேச்சு அழிச்சிட்டான். கடல் மட்டும் மிஞ்சிச்சு. கடலுக்கு நான் என்னெண்டு விலை சொல்லுறது? அழிச்ச பாணை எங்கட நாய் திண்டிட்டுது, கண்ட லாபம் அதுதான். மனுசன் அண்டையில இருந்து என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை.

உங்களையும் கேட்டுக்கொண்டு வருவான், புஸ்பராணி. வந்தால் என்னட்ட அனுப்புங்கோ, விலை நான் பேசித் தாறன். என்ன, சைக்கிள் மணியோ? உங்கட வளவுக்குள்ளயோ? எங்க ஓடுறியள், தேத்தண்ணி ஆறுது… உரலில ஏறி வேலியால எட்டித்தான் பாக்கோணும் போல கிடக்கு.

எட, அவனெல்லோ அது. படம் வைக்கிற முக்காலியும் நிக்குது. நீங்கள் தலை வாராமல் திரிஞ்சது இதுக்கோ, தங்கச்சி? எங்கட நாயும் கிடக்கு. அது ஆர், வலையோட குந்திக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு? அந்த முதுகை எனக்குத் தெரியாதோ? விறகுக்குப் போறன் எண்டல்லோ மனுசன் வெளிக்கிட்டது. பக்கத்தில ஒரு பால்ரின்… அப்ப, நேற்று முனாப் நானா சும்மா தந்தவர் எண்டு கொண்டுவந்த ரின்… பேரன் வயிறு நிறையக் குடிச்சிட்டு நித்திரை கொண்டது…

என்ன, என்னைப் பாக்கிறான். கரிக்குச்சியை நீட்டி அளக்கிறான். அசையவேண்டாமெண்டு கை காட்டுறான், வாயையும் மூடட்டாம். வேலிக்கு மேலால என்னைக் கீறப்போறானோ? தங்கச்சி, அவனைக் கேளுங்கோ, தலைக்கு மட்டும் என்ன தருவான்? வேலியும் எங்கட வேலி, அதுக்கு வேற…

பாணை எடுக்கிறான்.

சரி, சரி. நான் ஒண்டும் கேக்கேல்லை.