கரிக்கப்பலில் ஒரு தலை குறையக் கூடாது

— கயித்த விடு மாப்ளே. தண்ணியில குதிச்சீன்னா உன்னைச் சுட வேண்டியவன் நான்தான்.

— சுடுங்க மச்சான். தங்கச்சி புருஷனையே சுட்ட சிப்பாய்னு ஷான்டுங் முழுக்கப் பேரெடுக்கலாம்.

— இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. கிட்ட வா. யாரும் பாக்காத மாதிரி இதை வாங்கிக்க. சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன், கொஞ்சம் நசுங்கியிருக்கும்.

— என்னது, முட்டையா? மச்சான்! பிள்ளை பிறந்தா குடுக்கிற சிவப்பு முட்டை! யூசென்னுக்கு...

— கத்தாத. காலையில ஆச்சு. தாயும் நல்லாருக்கா, பிள்ளையும் நல்லாருக்கு.

— பையனா, பொண்ணா?

— நீயே பாத்துக்க. மலைச்சரிவுல, கோயிலுக்குக் கீழ, உன் வீட்டு வாசல் தெரியுதா?

— தெரியுது. சிவப்புத் துணி கட்டியிருக்கு.

— துணி கட்டியாச்சுன்னா பிள்ளை பிறந்தாச்சு. பக்கத்துல வில்லு தொங்குதா பாரு.

— வில்லு... இல்ல. இல்லவே இல்ல. அப்ப பொண்ணு! அட, என் பொண்ணு! மச்சான், யாரு சாயல்?

— மூக்கு எங்க வீட்டு மூக்கு. தப்பிச்சா.

— அடப் போங்க மச்சான். சத்தமா அழுதா இங்க கேக்கும் போல. இவ்வளவு பக்கத்துல அவ, நான் இங்க கரித்தூளுக்குள்ள. எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் போலிருக்கு. இறக்கி விடுங்க. ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்.

— முடியாது.

— நம்ம ஊரு, நம்ம துறைமுகம், காவலுக்கு நிக்கிறது நம்ம சீனப் பேரரசரோட சிப்பாய், அதுவும் என் சொந்த மச்சான். எனக்கு மட்டும் கரையில கால் வைக்க முடியாது. நல்லாருக்கே கதை!

— நீ ஏறினது ரஷ்யாக்காரன் கப்பல்.

— ஏத்திவிட்டது யாரு? “இது சண்டைக்கப்பல் இல்ல மாப்ளே, சண்டைக்கப்பலுக்குக் கரியும் மாவும் கொண்டுபோற கப்பல், அடுப்புல கரி அள்ளிப் போட்டா கூலி ஜாஸ்தி”ன்னு சாராயக் கடையில உக்காந்து சொன்னது யாரு?

— நான்தான். அதை எத்தனை தரம் சொல்லுவ?

— இறக்கி விடுற வரைக்கும் சொல்லுவேன்.

— சொல்றதைக் கேளு. ஜப்பான்காரன் துரத்தினான், உங்க கேப்டன் இங்க ஓடி வந்தான். நம்மாளுங்க என்ன சொன்னாங்க? ரெண்டு பேர் சண்டையிலயும் நாங்க இல்ல, ஒரு நாள் தர்றோம், கரி வேணும்னா போட்டுக்கிட்டுக் கிளம்பு, இல்லாட்டி கப்பலை எங்க கையில ஒப்படைன்னு. வெளியில போனா சாவுன்னு அவன் ஒப்படைச்சான். காவலுக்கு வச்சிருந்த ஒத்தப் பீரங்கியையும் இறக்கியாச்சு. எஞ்சின்ல ஒரு பாகத்தைக் கழட்டித் துறைமுக ஆபீஸ்ல பூட்டி வச்சாச்சு. இனிமே சண்டை முடியிற வரைக்கும் கப்பலும் நகரக்கூடாது, அதுல இருந்தவனும் இறங்கக்கூடாது.

— ஒப்படைச்ச அந்தக் கேப்டன் எங்க இருக்கான்?

— கரையில.

— கரையில எங்க?

— ஹோட்டல்ல.

— ஆட்டுக்கறி தின்னுட்டுப் பொழுது சாய்ஞ்சா கடற்கரையில உலாத்துறானாம். முட்டைக்கோஸ் விக்க வந்த படகுக்காரி சொன்னா.

— அவன் அதிகாரி. ஓடிப்போக மாட்டேன்னு வாக்கு கொடுத்தான். அதிகாரி வாக்கு கொடுத்தா எடுத்துக்கணும்னு விதி இருக்கு.

— நானும் கொடுக்கறேன். என் பொண்ணு மேல சத்தியமா...

— கரி அள்ளுறவன் வாக்கை எடுத்துக்க விதி இல்ல மாப்ளே.

— எங்கேயோ பிறந்த அவன் வாக்கு நம்ம ஊர்ல செல்லும். நம்ம ஊர்ல என் வாக்கு செல்லாது. காறித் துப்பலாம் போலிருக்கு.

— துப்பு. கடல்தானே.

— விளையாடாதீங்க. நான் ஒருத்தன் இறங்கிப் போனா யாருக்குத் தெரியும்? இத்தனை பேரு கிடக்கோம்.

— தினம் காலையில நீராவிப் படகுல ஒரு ஜப்பான்காரன் வர்றானே, எதுக்கு? உங்களை வரிசையா நிக்கவச்சு எண்ணத்தான். ஒரு தலை குறைஞ்சா, “நடுநிலைன்னு சொல்லிட்டு எதிரி ஆளை ஒளிச்சு வைக்கிறீங்களா”ன்னு ஊருக்குள்ள ஆள் விட்டு வீடு வீடாத் தேடுவான். முதல்ல உன் வீட்டுக்குத்தான் போவான். துணி வேற கட்டியிருக்கு, அடையாளம் கேக்கவே வேண்டாம்.

— தேட விட்டுடுவீங்களா? நீங்கதான் துப்பாக்கியும் கையுமா நிக்கிறீங்களே.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. முட்டையை உரிச்சுத் தின்னு.

— மச்சான், உங்க இடுப்புல தோட்டாப் பையைக் காணோமே?

— ஈரமாயிடுச்சுன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க.

— அந்தா அவருக்கும் இல்ல. ஏணிக்கிட்ட நிக்கிறவருக்கும் இல்ல. எல்லார்துமா ஈரமாச்சு?

— கேள்வியா கேட்டு உசிரை வாங்காத. அங்க என்ன பாக்குற?

— துறைமுக வாசல்ல ஜப்பான் கப்பல் புகை. நேத்து தூரத்துல இருந்துச்சு, இன்னைக்குக் கிட்ட வந்திருக்கு.

— அங்க பாக்காத. என்னைப் பாரு. யூசென் என்ன சொல்லி அனுப்பினா தெரியுமா?

— என்ன சொன்னா?

— அப்பன் வந்து பேரு வைக்கிற வரைக்கும் யாரும் பேரு வைக்கக் கூடாதுன்னா. மாமன் நான் ஒரு பேரு சொன்னேன், கஞ்சிக் கரண்டியைத் தூக்கி அடிச்சா.

— அவதான். அவளேதான்.

— அழாத. கரி மூஞ்சியில கோடு விழுது. சட்டையைக் கழட்டு.

— எதுக்கு?

— நான் போட்டுக்க. நீ என் சட்டையைப் போட்டுக்க. பொழுது இறங்கறப்ப காவல் படகு கரைக்குப் போகும். எங்க ஆளுங்களோட நீ இறங்கு.

— மச்சான்!

— வாயை மூடு. துறையில எங்களையும் எண்ணித்தான் இறக்குவாங்க, அதனால நான் இங்க நிக்கிறேன். கணக்கு அங்கயும் சரி, இங்கயும் சரி.

— காலையில அந்த ஜப்பான்காரன் வந்தா?

— அவன் மூஞ்சியவா எண்றான்? தலையை எண்றான். உனக்கும் சடை, எனக்கும் சடை. மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டா என் தங்கச்சிக்கே வித்தியாசம் தெரியாது.

— மாட்டினா உங்க தலை போயிடும்.

— ஒரு ராத்திரிதானே. கழட்டுடான்னா...

— உங்க ஆளுங்க?

— பேசியாச்சு. முன்னால படகுக்கார சூ தாத்தா உக்காந்திருப்பார், அவர் முதுகுக்குப் பின்னால ஒண்டிக்க. தலை குனிஞ்சே இரு. யாராவது பேசினா இருமு.

— இந்தச் சட்டையில நெஞ்சுக்கு நேரா எதுக்கு இவ்வளவு பெரிய வட்டம்? குறி வைக்க வசதியாவா?

— உடுத்தினதும் நக்கல் ஆரம்பிச்சாச்சு. குனி, தொப்பியை இழுத்து விடறேன். ம். என்னைவிட உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. அந்தக் கரித்தூளை அள்ளு, என் கழுத்துல பூசு. காதுக்குப் பின்னாலயும்.

— நெத்தியிலயுமா மச்சான்?

— அங்கயும்தான். பூசு.

— பிள்ளைக்கு முழு மாசம் ஆகிக் கொண்டாடறப்ப வெள்ளிக் காப்பு போடுவீங்கல்ல? தாய்மாமன் சீருக்கு அவ கணக்கு போட்டு வச்சிருப்பா.

— சீரை இப்பவே செஞ்சுட்டேன்னு சொல்லு.

— கருமி! மாத்திப் பேசாதீங்க, காப்பு வந்தாகணும்.

— சரி சரி. இறங்கு, கூப்பிடறாங்க. ஏணியில பாத்து. துப்பாக்கியை வலது தோள்ல போடு, சிப்பாய் எவனாவது இடது தோள்ல போடுவானா?

— மச்சான், ஒண்ணு சொல்லட்டுமா? உங்களை மனசுக்குள்ள திட்டாத நாள் இல்ல. இப்ப...

— படகு ஆடுது, உக்காரு முதல்ல. சூ தாத்தா, தள்ளுங்க.

— காலையில முதல் படகுலயே வந்து மாத்திக்கறேன் மச்சான்!

— முதல் படகு கிடையாது மாப்ளே.

— என்ன?

— காவலை இன்னியோட எடுத்தாச்சு. ராத்திரி ஜப்பான்காரன் உள்ள வந்து கப்பலை ஆளுங்களோட இழுத்துட்டுப் போறப்ப, நாம யாருமே பாத்திருக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. திரும்பிப் பாக்காத, போய்ப் பொண்ணுக்குப் பேரு வை. அவன் எண்றப்ப ஒரு தலையும் குறையாது.