அழிக்க வேண்டிய பத்து நிமிஷம்

– அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் அழிச்சிருங்க தம்பி. நான் மேடை ஏறினதுல இருந்து எல்லாரும் கைதட்டினது வரைக்கும்.

– யாரும் கைதட்டலையே சார்.

– ஆமா. தட்டல. நான் இறங்கினது வரைக்கும்னு வெச்சுக்கங்க.

– நீங்க போட்டிங் போகலையா? டாக்டருங்க எல்லாரும் குடும்பத்தோட ஏரிக்குக் கெளம்பிட்டாங்களே. ரெண்டு பஸ்ஸு வாசல்ல நின்னுச்சு.

– போகல. பாருங்க தம்பி, எங்க சங்கத்துல ஒரு வழக்கம். வருஷா வருஷம் மாநாட்டுல ஒரு மணி நேரம் ஒதுக்கி, சீனியர் சர்ஜன் நாலு பேரு தாங்க செஞ்ச தப்பைச் சொல்லணும். சின்னப் பசங்க கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு. அதுக்காகத்தான் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வாசல்லயே எல்லார் போனையும் வாங்கி வெச்சிடறோம். ரெக்கார்ட் ஆகுதுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல.

– மைக்கைப் போட்டா மெஷின் தானா பதிஞ்சுக்கும் சார். வேண்டாம்னு எனக்கும் யாரும் சொல்லல. காலையில டெல்லியில இருந்து வந்தவரு பேசினது, நீங்க பேசினது, எல்லாம் ஒரே ஃபைலா கெடக்கு.

– உங்க பேரு?

– ஷபீர். கொடைக்கானல் பஜார்ல சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கேன். பதினஞ்சு வருஷமா இந்த ஓட்டலுக்கு மைக், ஸ்க்ரீன் எல்லாம் நான்தான். உங்க பேரு டாக்டர் செல்வமுருகன். ஸ்க்ரீன்ல போட்டதே நான்தானே.

– ஷபீர், அது வெளிய போனா வக்கீல் கைக்குத்தான் போகும். அது நடந்த ஆஸ்பத்திரியில இப்ப என் பொண்ணும் ஆபரேஷன் பண்றா. புரியுதுல்ல?

– புரியுது சார். அழிக்கிறதுக்கு முந்தி ஒன்னு கேட்டுக்கறேன். நீங்க பூராவும் இங்கிலீஷ்ல பேசினீங்க. உங்க ஆளுங்களுக்கு மைக் கட்டிக் கட்டி எனக்கு முக்காவாசி புரியும். நான் சரியாத்தான் வெளங்கிக்கிட்டேனான்னு பாக்கணும்.

– அது உங்களுக்கு எதுக்கு?

– இருக்கட்டும் சார். பெரும்பாறைப் பக்கம் ஒரு தோட்டம்னு சொன்னீங்க. மெளகு பறிக்க மூங்கி ஏணியில ஏறினவரு வழுக்கி விழுந்துட்டாருன்னு சொன்னீங்க. பதினோரு வருஷம் ஆச்சுன்னீங்க. அது வரைக்கும் சரிதானா?

– சரிதான்.

– பேரு மட்டும் சொல்லல.

– பேரு சொல்லக் கூடாது. அதுதான் விதி.

– ஜமால் முகம்மது.

– அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

– உக்காருங்க சார். அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்கங்க.

– நீங்க அவருக்கு...

– தம்பி. கூடப் பொறந்தவன். அண்ணன் பறிக்கிற ஆளு இல்ல, தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவரு. அன்னைக்கு ஆளு வரலைன்னு தானே ஏறினாரு. இப்பச் சொல்லுங்க. உள்ள என்ன ஆச்சு? தமிழ்ல சொல்லுங்க.

– ஷபீர், நான்...

– மன்னிப்பெல்லாம் அப்புறம் சார். மொதல்ல வெவரம்.

– மண்ணீரல் கிழிஞ்சு வயித்துக்குள்ள ரத்தம் கொட்டிக்கிட்டிருந்துச்சு. அதை எடுத்துட்டேன். ரத்தம் நின்னுடுச்சு. சந்தோஷத்துல தையல் போட்டு மூடிட்டேன். குடல்ல ஒரு ஓட்டை இருந்திருக்கு. பட்டாணி அளவு. குடலை முழுசா உருவிப் பாத்திருக்கணும். பாக்கல.

– ரெண்டு நாளு நல்லாத்தானே இருந்தாரு. நான் போயிப் பாத்தேன். உங்க சின்ன டாக்டரு, எல்லாம் சரியாப் போச்சுன்னாரு. அண்ணனும் என்னையப் பாத்து, ஏலே இங்க ஏன் நிக்கிற, போயி சோலியப் பாருன்னாரு.

– ரெண்டு நாள் தெரியாது. மூணாம் நாள் வயிறு கல்லு மாதிரி ஆயிடும், காய்ச்சல் ஏறும். அப்பவே மறுபடி தெறந்திருந்தா பொழைக்க வெச்சிருக்கலாம். நான் தெறந்தது நாலாம் நாள் மத்தியானம். அஞ்சாம் நாள் போயிட்டாரு.

– அண்ணன் மௌத்தான அன்னைக்கு நீங்க சொன்னது வேற. நான் அப்ப மய்யத்தக் கொண்டு போற வண்டிக்குக் கீழ நின்னேன். உங்க மூஞ்சியக்கூடப் பாக்கல. ஆனா நீங்க சொன்னது எங்க வீடு பூரா வந்து சேந்துருச்சு. நாலு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு.

– அதைச் சொன்னது நான் இல்ல.

– பின்ன யாரு?

– அவங்களே கேட்டாங்க. அவரோட சம்சாரம். கையில ஒரு பச்சை ஃபிளாஸ்க்கு. அஞ்சு நாளும் வராந்தாவுலயே உக்காந்திருந்தாங்க. கடைசி நாள் நான் ஐசியூவுல இருந்து வெளிய வந்ததும் எந்திரிச்சு, விழுந்ததும் ஒன்னும் இல்லைன்னாரு, வயித்துல எண்ணெய் தேச்சுப் படுக்க வெச்சேன், நாலு மணி நேரம் ஆயிப்போச்சு, நான் லேட் பண்ணிட்டேனா டாக்டர்னு கேட்டாங்க.

– நீங்க?

– தலைய ஆட்டினேன்.

– ஆமான்னா?

– ஆமான்னுதான். வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லல. அதனால பொய் சொல்லலைன்னு ரொம்ப நாள் மனசச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். காலையில மேடையிலயும் இதை விட்டுட்டேன். ஓட்டையப் பத்திச் சொல்ல முடிஞ்சுது. தலையாட்டினதைச் சொல்ல முடியல.

– அந்தத் தலையாட்டலுக்கு எங்க ரபியா மதினி என்ன பண்ணுதுன்னு தெரியுமா சார்? பாலசமுத்திரத்துல அவங்க அத்தா வீட்டோட போயி இருக்கு, தையல் மெஷின் வெச்சுக்கிட்டு. தெருவுல யாருக்கு வயிறு வலின்னாலும் ஆட்டோவக் கூப்பிட்டு ஏத்திக்கிட்டு பழனி ஆஸ்பத்திரிக்கு ஓடிருது. சூடு புடிச்சிருக்கும், பசியா இருக்கும், ஒன்னும் இருக்காது. டாக்டரு சிரிப்பாரு, தெருவே சிரிக்கும். மதினி சிரிக்காது. மக அல்மாஸுக்குக் காய்ச்சல்னா கடியாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குமாம். என் வீட்டுக்காரி போயிப் பாத்துட்டு வந்து சொல்லுவா.

– அல்மாஸ்ங்கறது அன்னைக்கு அவங்க மடியில இருந்த பிள்ளையா?

– அப்ப மூணு வயசு. இப்ப பதினாலு.

– அழிக்காதீங்க ஷபீர். அந்தப் பத்து நிமிஷத்தை வெச்சுக்கங்க. என்ன வேணும்னாலும் செய்ங்க.

– கேஸ் போடுறதுக்கு இல்ல சார். மதினிக்குப் போட்டுக் காட்டணும், அவ்வளவுதான். ஆனா இங்கிலீஷ்ல இருக்கு. அதுக்கு வெளங்காது.

– ரெக்கார்டு வேண்டாம். நானே வர்றேன். என்கிட்டத்தானே கேட்டாங்க. நாளைக்கு வெள்ளனே கெளம்பினா எவ்வளவு நேரம் ஆகும்?

– மூணு மணி நேரம். வருவீங்களா?

– வர்றேன். நீங்களும் கூட வாங்க.

– நான் வரலை சார்.

– ஏன்?

– அந்த வீட்டு வாசல மிதிச்சு பதினோரு வருஷம் ஆச்சு.

– உங்க அண்ணன் சம்சாரம். அப்பன் இல்லாத பிள்ளை. நீங்க சொல்ற விதத்தைப் பாத்தா அவங்க மேல பாசமாத்தான் இருக்கீங்க. அப்புறம் ஏன் போகல?

– சார், மூணாம் நாள் வயிறு கல்லு மாதிரி ஆகும்னீங்களே. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? வெளியூர் போயிருந்தேன்னு மட்டும்தான் மேடையில சொன்னீங்க.

– ஒரு மீட்டிங்.

– எந்த மீட்டிங்?

– இதே மீட்டிங்தான். இதே ஊர், இதே ஓட்டல். நர்ஸ் ஏழு தடவ கூப்பிட்டிருந்தா. போனை சைலன்ட்ல போட்டுக் கோட்டுப் பையில வெச்சிருந்தேன். மறுநாள் காலையிலதான் பாத்தேன்.

– மத்தியானம் வீட்டுக்குப் போயி பழைய டிஸ்க்கை எடுத்தாந்தேன். எல்லா வருஷத்து ஃபைலும் இதுல கெடக்கு. ஒன்னு போடுறேன், கேளுங்க.

– இது... என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. இது அன்னைக்கு ராத்திரி விருந்துல நான் பாடினது. நிறுத்துங்க ஷபீர். நான் பாடிக்கிட்டிருந்தேன்னு எனக்கே தெரியும். அதை மறக்கிறதுக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கேன் தெரியுமா?

– உங்களக் குத்திக்காட்டப் போடல சார். ரெண்டாவது சரணம் வரட்டும். இந்தா. பாட்டுக்கு ஊடால டட்டட் டட்டட்னு ஒரு சத்தம் வருதுல்ல?

– வருது. மைக் கோளாறா?

– கோளாறு இல்ல. மைக் மெஷினுக்குப் பக்கத்துல செல்போனை வெச்சிருந்து, அதுக்குப் போன் வந்தா, இந்தச் சத்தம் ஸ்பீக்கர்ல விழும். பாருங்க, மறுபடி வருது.

– யாரு போன்?

– என் போன். கூப்பிட்டது ரபியா மதினி.

– ஆஸ்பத்திரியில இருந்தா?

– ஆமா. பெரிய டாக்டரு கொடைக்கானல் மீட்டிங்ல இருக்காருன்னு நர்சு சொல்லியிருக்கு. அந்த மீட்டிங்குக்கு மைக் கட்டுறது கொழுந்தன்தான்னு மதினிக்குத் தெரியும். எப்படியாச்சும் அவரத் தேடிப் புடிச்சு, வெரசா அனுப்பி வெய்யின்னு சொல்லத்தான் கூப்பிட்டுச்சு. அதை அண்ணன் மௌத்தான அன்னைக்கு வராந்தாவுல என் காதுகிட்ட சொன்னுச்சு. வேற ஒருத்தருக்கும் சொல்லல.

– அப்புறம்?

– மய்யத்து வீட்டுல, ஜமாத்தே உக்காந்திருக்கு. மதினி அதை எல்லாருக்கும் சொல்லிருமோன்னு பயந்துட்டேன். நான் முந்திக்கிட்டேன். நாலு மணி நேரம் எண்ணெய் தேச்சுக்கிட்டு உக்காந்து எங்க அண்ணனக் கொன்னுட்டியேன்னு கத்துனேன். உங்க தலையாட்டலு எனக்கு அவ்வளவு தோதா இருந்துச்சு சார். மதினி என்னைய நிமிந்து பாத்துச்சு. அந்தப் போனைப் பத்தி அங்க ஒருத்தருக்கும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

– ஷபீர்...

– எரநூறு டாக்டரு இருந்த கூட்டத்துல, போனை எடுத்திருந்தாலும் யாருன்னு கண்டுபுடிச்சிருப்பேன்? அப்படித்தான் சொல்லிச் சொல்லி இத்தன வருஷம் தூங்கினேன். இன்னைக்குக் காலையில உங்க குரலக் கேட்டதும் அதுவும் போச்சு. அன்னைக்கு மைக்க உங்க கையில குடுத்தது நான்தான்.

– போதும். அணைச்சிருங்க.

– இன்னும் கொஞ்சந்தான் சார். கேளுங்க... இந்த எடம். டட்டட் சத்தம் நின்னுருச்சு பாத்தீங்களா? உங்க பாட்டு கெட்டுறக் கூடாதுன்னு இங்கதான் நான் போனை அணைச்சேன்.